மாத்திரையோடு ஒரு நாயும்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறான். மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறான் என்றாலும், நண்பகல் வரை படுக்கையை விட்டு எழுவதில்லை, யாருடனும் பேசுவதுமில்லை. ஒரு நாய் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவான் என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். "தலை சீவிக்கொள்ளவே சொல்ல வேண்டியிருக்கிறது, இவன் எங்கே நாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறான்?" என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது, அம்மா பக்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. நாய் மனச்சோர்வைக் குணப்படுத்தாது. ஆனால், மாத்திரை எட்டாத ஓர் இடத்தில் அது வேலை செய்யக்கூடும். அந்த இடம், உங்கள் தம்பி எழுந்துகொள்ளாத அந்தக் காலைப் பொழுது.

"மனசு கொஞ்சம் தெளியட்டும், எழுந்துகொள்கிறேன்" என்றுதான் இந்நோய் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். மனம் தெளிந்த பிறகு உடம்பு எழும் என்று அவர்கள் காத்திருக்க, அந்தத் தெளிவோ பெரும்பாலும் உடம்பு எழுந்து நடமாடிய பிறகுதான் வருகிறது. 1970களில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் இந்த முடிச்சை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். மனநிலை எப்படியிருந்தாலும் குறித்த நேரத்தில் சில செயல்களைச் செய்ய வைப்பது, இன்று மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளில் நன்கு நிலைபெற்ற ஒன்று. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், சிகிச்சை அளிக்கும் நாங்கள் இதற்காக எழுதித் தரும் அட்டவணை வெறும் தாள். அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடலாம். நாயை அப்படி வைத்துவிட முடியாது. கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையில் ஈர மூக்கு வந்து முட்டும். கையை இழுத்துக்கொண்டால், மறுபக்கம் சுற்றி வந்து போர்வையின் நுனியை நகத்தால் பிறாண்டும். அதற்கும் அசையாவிட்டால், வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து மெல்ல முனகும். எழுந்து, வாரை மாட்டி, தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் முகத்தில் வெளிச்சம் பட்டிருக்கும், கால் நடந்திருக்கும், யாராவது ஒருவர் "இதற்கு என்ன வயது?" என்று கேட்டும் இருப்பார். "இப்போது தேவலையா?" என்ற விசாரிப்பைக் கேட்டுச் சலித்துப்போனவனுக்கு, தன்னைப் பற்றியதல்லாத அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் தொடங்கிய மனநோயாளர் இல்லத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. மனநோயாளர்களைச் சங்கிலியில் பிணைப்பது சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குகொள்ளும் ஹார்மோன் அது. ஆக்ஸிடோசின் கூடுவதால் நோய் தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மனநோயுடன் வாழ்பவர்களின் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை 2018இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, துணை, ஆறுதல், நோயின் தொல்லையிலிருந்து கவனம் திரும்புதல் ஆகிய நன்மைகளோடு, பராமரிப்புச் சுமையும் பிராணி இறக்கும்போது வரும் துயரமும் சேர்ந்தே பதிவாகியிருந்தன.

அம்மாவின் கவலை அந்தச் சுமையைப் பற்றியதுதான். தம்பி எழவே முடியாத நாட்கள் வரும். அன்று நாய்க்குச் சோறு வைப்பது யார் என்பதை, நாய் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால், நாயைப் பட்டினி போட்டோமே என்ற குற்ற உணர்வும் அவனுடைய நோயோடு சேர்ந்துகொள்ளும். நாய்க்குட்டி வேண்டவே வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு, இரவில் விழிப்பு, கடித்துக் குதறிய செருப்புகள் என்று அது நலமாக இருப்பவரையே களைத்துப்போகச் செய்யும். மூன்று நான்கு வயதான, சாதுவான நாயே பொருத்தம். அதையும் பிறந்தநாள் பரிசுபோலத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்தாமல், முதலில் அவனைக் கேளுங்கள். தெரிந்தவர் வீட்டு நாயை நாள்தோறும் நடக்க அழைத்துச் செல்லும் பொறுப்பை அவனுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள்; பத்து நாளில் எட்டு நாள் போனானென்றால், பிறகு சொந்த நாயைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எனக்கு 41 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பல ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொள்கிறேன். ஓராண்டாக ஒரு நாய் வளர்க்கிறேன். அது அருகில் இருக்கும்போது காதில் கேட்கும் குரல்கள் குறைவாக இருக்கின்றன. மருந்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. குரல்கள் குறைந்திருப்பது மருந்தும் நாயும் சேர்ந்து செய்த காரியமாக இருக்கலாம். அதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்பதை, அதை நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வது ஆபத்து. இருப்பினும், நீங்கள் கவனித்ததை அப்படியே உங்கள் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களைப் போன்ற சிலர், ஏதேனும் சத்தம் கேட்டவுடன் நாயின் காதைப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். காது விறைத்து நின்றால் வெளியே யாரோ இருக்கிறார்கள். நாய் அசையாமல் படுத்திருந்தால், கேட்டது பெரும்பாலும் நோயின் குரல். நல்ல உத்திதான், ஆனால் முற்றிலும் நம்புவதற்கில்லை. அசந்து தூங்கும் நாய் அழைப்பு மணிக்குக்கூட எழாது. இன்னொரு பயனும் உண்டு. இந்நோய்க்கான மருந்துகள் பலவும் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை என்பதால், நாய் உங்களை இழுத்துக்கொண்டு போகும் நடையை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். கீழே விழும் ஒரு மாத்திரைகூட நாய்க்கு நஞ்சாகலாம். எனவே, மாத்திரைகளைக் கதவுள்ள அலமாரியில் வைத்து, மேசையருகே நின்று சாப்பிடுங்கள். அடுத்து, நாயை யார் பார்ப்பார்கள் என்ற கவலையில், மருத்துவமனையில் சேர வேண்டிய நேரத்தில் சேராமல் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. நாயின் உணவளவு, தடுப்பூசித் தேதிகள், கால்நடை மருத்துவரின் எண், அவசரத்தில் அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதன் பிரதியை அவரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பதற்ற நோய் இருக்கிறது. சிறு வயதில் கடிபட்டதால் நாயைக் கண்டாலே நடுக்கம். பழகினால் இரண்டும் போய்விடுமா?

பதில்: நாய்ப் பயத்துக்குப் படிப்படியான சிகிச்சை தனியாக இருக்கிறது, அதை உளவியலாளரின் துணையோடு செய்ய வேண்டும். அதற்காக நாயை வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவதுபோல. செடி வளர்த்துப் பாருங்கள், அதற்கும் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற எழுந்தாக வேண்டும்.

கேள்வி: இருமுனைக் கோளாறு (மிகையான உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ள என் அண்ணனின் நாய், 13 வயதில், சென்ற வாரம் இறந்துவிட்டது. கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். உடனே வேறொரு நாய் வாங்கித் தரலாமா?

பதில்: உடனே வேண்டாம். "நாய்தானே" என்று யாரும் அவரிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டை அவர் கையிலேயே இருக்கட்டும். அவருடைய மருத்துவருக்கு இந்த இழப்பை இவ்வாரமே தெரிவியுங்கள். இருமுனைக் கோளாறில் தூக்கம் கெடுவது அடுத்த சுற்று நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதைக் குறித்து வாருங்கள். தற்கொலை பற்றிப் பேசினாலோ, தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். நாயோடு மாலையில் நடந்துகொண்டிருந்தார் என்றால், அந்த நேரம்தான் இப்போது அவருக்கு மிகவும் கனக்கும். சில நாட்களுக்கு அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு, நீங்கள் வாசலில் போய் நில்லுங்கள்.