அழகர் இறங்குவதை ஹார்டு டிஸ்கில் இறக்க முடியுமா?

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை அம்மா டிவியில்தான் பார்ப்பார். முழங்கால் வலி, கூட்டத்துக்குள் கூட்டிப் போக முடியாது. போன வருடம் டிடிஎச் பெட்டியில் பதிவு செய்து கொடுத்தேன். சந்தாவை நிறுத்தியதும் அந்தப் பதிவும் ஓடவில்லை. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அதில் பதிவு செய்யலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: தாராளமாக. டிடிஎச் பெட்டி பதிவைப் பூட்டித்தான் எழுதும். சாவி சந்தாவோடு போய்விடும். ஹார்டு டிஸ்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படம் வராது.

அதனால் டிடி ஃப்ரீ டிஷ் பக்கம் வாருங்கள். டிடி தமிழ் அதில் பூட்டில்லாமல் வருகிறது. (2024 ஜனவரியில் பெயர் மாறினாலும் எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான்.) உங்கள் மாடியில் இருக்கும் டிஷ் வேறு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து; மேலூருக்கு அது தென்கிழக்கு. டிஷ் மாட்டுகிற தம்பியைக் கூப்பிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். அப்படியே ட்வின் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நிற்கும், இரண்டு ஒயர் மாட்டக்கூடிய சிக்னல் வாங்கி) போட்டு, டிவிக்கு ஒரு ஒயர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இறக்கிவிடுங்கள்.

அடுத்த செலவு ட்யூனர், அதாவது டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கார்டு. அதில் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் டிவிக்கான தரம்) என்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே 'டிவி ட்யூனர் கார்டு' என்று கேட்டு, பழைய அனலாக் கார்டை வாங்கி வந்து, சிக்னலைத் தேடி மாடிப்படி தேய ஏறி இறங்கியவன் நான். கம்ப்யூட்டரில் நாம் போடப்போவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்; அதில் அந்த மாடலை இயக்கும் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, அதன்மேல் டிவிஹெட்எண்ட் என்ற டிவி பதிவு மென்பொருளைப் போடுங்கள். அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் 9981 போர்ட்டைத் திறந்தால் (localhost:9981 என்று அடித்தால்) சேனல் தேடுவது, பதிவு நேரம் குறிப்பது எல்லாம் அங்கேயே. இதே வேலைக்கு மித்டிவி என்ற இன்னொரு மென்பொருளும் 2002லிருந்து இருக்கிறது, நல்ல சரக்குதான். ஆனால் அதற்கென்று தனியாக டேட்டாபேஸ் வைத்துப் பராமரிக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ வருடத்தில் ஒரு காலைப்பொழுது.

நிகழ்ச்சி அட்டவணையை நம்பாதீர்கள். மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வருகிற சாமி அட்டவணை பார்த்தா வரும்? விடிகாலை 4 மணி முதல் 9 மணி வரை என்று கையாலேயே குறித்துவிடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து மணி நேரத்துக்கு 9 ஜிபிதான்.

இப்போது முக்கியமான விஷயம், கடிகாரம். ஒரு வருடம் விடிகாலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொண்டது. பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போதே வரும் அமைப்புத் திரையில்) அப்படி வைத்திருந்தேன். ஆனால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்ததால் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. இணையத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றால் ரவுட்டரும் எழவில்லை. அழகர் ராமராயர் மண்டபம் போய்ச் சேர்ந்த பிறகும் என் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய ஜனவரியில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் வாங்கிய பேச்சு தனிக்கதை. சிஆர்2032 என்று கேட்டு, முதலில் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். சின்ன யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

பதிவின் நடுவே கரண்ட் போனாலும் அதுவரை எழுதியது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பதிவாகும் டிஎஸ் (.ts) வகைக் கோப்பு 188 பைட் துண்டுகளாக எழுதப்படுவதால் வால் அறுந்தாலும் முன்பகுதி ஓடும். பென் டிரைவில் போட்டு அம்மாவின் டிவியில் செருகப் போகிறீர்கள் என்றால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். டிவி அதைப் படிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது நிகழ்ச்சியைப் பதிவுக்கு வைத்து, நடுவில் நீங்களே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். திரும்ப எழுந்து பதிவைத் தொடர்ந்தால் அம்மாவிடம் சொல்லலாம். அதுவரை வாயைத் திறக்காதீர்கள்.