ராக் டம்ப்ளரில் போட்ட கண்ணாடி மங்கலாக வருவது ஏன்? பளபளப்பாக்க என்ன செய்ய வேண்டும்?

ராக் டம்ப்ளர் என்பது படுக்கைவசத்தில் மெதுவாகச் சுழலும் மூடிய உருளை. உள்ளே கண்ணாடித் துண்டுகள் தண்ணீரோடும் தேய்ப்புத்தூளோடும் சரிந்து சரிந்து உரசும். கூர்முனை மழுங்குவது அந்த உரசலால்தான்.

மங்கலுக்குக் காரணம் கீறல். கண்ணாடியின் கடினம் மோஸ் அளவில் (கடினத்தை 1 முதல் 10 வரை அளப்பது) சுமார் 5.5, தேய்ப்புத்தூளான சிலிக்கன் கார்பைடோ 9-க்கு மேல். தூளின் ஒவ்வொரு மணியும் கீறும், கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கும். தெளிந்த பனிக்கட்டியைப் பொடித்தால் வெள்ளையாகிறதே, அதே காரணம். 120/220 எண் கொண்ட கரட்டுத் தூளோடு (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்) நிறுத்தினால் கடற்கரைக் கண்ணாடி போன்ற மங்கல் கிடைக்கும் (அதுவும் அழகுதான்). பளபளப்பு வேண்டுமானால் அடுத்து 500 எண் தூள், கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத்தூள். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு வாரம்.

உருளை பாதிகூட நிறையாவிட்டால் துண்டுகள் உயரத்திலிருந்து விழுந்து மோதும். விளிம்பில் பிறை வடிவில் சில்லு தெறிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்புங்கள், சிறு பீங்கான் உருண்டைகளும் கலந்து. தண்ணீர் மேல்துண்டுகளுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

தூள் மாற்றும்போது எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடி இடுக்கில் ஒட்டிய கரடான மணி ஒன்றே கடைசிக் கட்டத்தைக் கெடுத்துவிடும். கழுவிய சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள், இறுகி அடைத்துக்கொள்ளும்.

மெருகுத்தூளில் இன்னும் நாலு நாள் ஓடவிட்டால் மங்கல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆழமான கீறலை அந்தத் தூள் எடுக்காது, மறுபடி கரட்டுத் தூளுக்குத்தான் திரும்ப வேண்டும்.