கசிகிற தண்ணீர் தெளிவா, கலங்கலா?

கேள்வி: வட பேராக்கில் ஒரு தோட்டப்புற ஊரில் இருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் லயங்களுக்கும் ரப்பர் ஆலைக்கும் தண்ணீர் கொடுக்கக் கட்டிய மண் அணை ஊருக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. இன்றும் எங்கள் குழாய்த் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. போன மாதம் கரையின் அடிவாரத்தில் ஓர் இடம் மட்டும் ஈரமாக இருப்பதைப் பார்த்தோம் (படம் இணைத்துள்ளேன்). அதற்குள் அணை வழிகிற வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றி, “இன்றிரவு உடையப் போகிறது” என்று பாதி ஊர் தூங்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறான் மகன். கரையோரம் நாங்கள் வாழையும் மரவள்ளியும் போட்டிருக்கிறோம், அதனாலும் ஆபத்து உண்டா? (வாசகி ஒருவர்)

பதில்: அம்மா, வீட்டை விற்க அவசரப்பட வேண்டாம். முதலில் அந்த வீடியோவைப் பார்த்துவிடுவோம். அதில் தண்ணீர் வழிவது கரையின் மேலிருந்து அல்ல. ஓரத்தில் சிமெண்டால் கட்டிய கலிங்கு வழியாக. ஏரியில் அளவுக்கு மேல் சேரும் தண்ணீர் வெளியேறத்தான் கலிங்கு இருக்கிறது. குடிநீர் அணையை முடிந்தவரை நிறைத்தே வைத்திருப்பார்கள், அதனால் அடைமழையில் வழியத்தான் செய்யும். அது நல்ல அறிகுறி. பயப்பட வேண்டியது, கலிங்கு போதாமல் மண் கரையின் உச்சியைத் தாண்டித் தண்ணீர் இறங்கினால். புல் முளைத்த மண் சரிவு அதை அதிக நேரம் தாங்காது.

கலிங்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்து அணைக்கு ஆய்வுக்குப் போனபோது, கலிங்கின் குறுக்கே மீன் பிடிக்கிறவர்கள் வலை கட்டியிருந்தார்கள். மீன் தப்பிக்காமல் இருக்கத்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை. வலையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்து, அதற்குமேல் மூங்கில் சிக்கி, கலிங்கின் வாய் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. பெரிய மழை வந்திருந்தால் அந்த அணைக்கு எமன் அந்த வலைதான். உங்கள் ஊர் அணையிலும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

இனி அந்த ஈரம். மண் அணை என்றால் கொஞ்சம் கசியும். கசியாத மண் அணையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் எங்கே போகிறதோ என்று. அடிவாரத்தில் கருங்கல் அடுக்கி, கசிவு அங்கே வந்து சேரும்படிதான் கட்டுவார்கள். ஆகவே கேள்வி கசிகிறதா என்பது அல்ல. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: தண்ணீர் தெளிவாக வருகிறதா, மழையில்லாத நாளிலும் அளவு கூடிக்கொண்டே போகிறதா, இடம் புதியதா.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, கசிவுத் தண்ணீரை ஒரு பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். அடியில் ஒன்றும் படியாவிட்டால் சரி. மெல்லிய மண் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது என்று பொருள். அது இப்படித்தான் நடக்கும்: தண்ணீர் வெளிவரும் வாயில் முதலில் மண் அரிக்கும், அப்புறம் அந்த ஓட்டை பின்னோக்கி, கரைக்குள்ளே ஏரியை நோக்கிக் குடைந்துகொண்டு போகும். ஏரியைத் தொட்டுவிட்டால் மிச்சம் இருப்பது சில மணி நேரம்தான். படிந்திருப்பது துருநிறத்தில் எண்ணெய்ப் படலம் மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் இரும்பு, பயமில்லை. உங்கள் படத்தில் நான் பார்த்தது கோரைப்புல் செழித்த ஓர் ஈரத்திட்டு. கோரை அந்த உயரத்துக்கு வளர நாளாகும், அதனால் இந்தக் கசிவு போன மாதம் தொடங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் படத்தை வைத்து அணைக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. பாட்டிலை வைத்துப் பாருங்கள்.

வயதைப் பற்றி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. புத்தம் புதிய அணை, முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை இல்லை. பதினொரு பேர் இறந்தார்கள். இந்தப் பக்கம், நம் பேராக்கிலேயே புக்கிட் மேரா அணை 1906இல் கட்டியது. நூறு வருடம் தாண்டியும் கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறது. மண்ணுக்கு நரை விழாது, அம்மா.

வயதாவது வேறு சில. கரையின் அடியில் போகும் வார்ப்பிரும்புக் குழாய் துருப்பிடிக்கும். பழைய அணைகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். குழாயை ஒட்டி வெளிப்புறமாகத் தண்ணீர் வழி தேடிக்கொண்டால் மேலே சொன்ன குடைச்சல் அங்கேயே தொடங்கும். ஏரியில் வண்டல் சேரும். தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய மரங்களைத் தள்ளி மண்ணை மொட்டையாக்கும் வருடங்களில் ஒரே மழைக்காலத்தில் ஏராளமாக வந்து சேரும். வறட்சியில் குழாய்த் தண்ணீர் பழுப்பாக, லேசான நாற்றத்தோடு வருவதற்கும் இதில் பங்கு உண்டு: மட்டம் இறங்கியபின் அடிமதகிலிருந்து எடுக்கிறார்கள், அடித்தண்ணீரில் இரும்பும் மாங்கனீசும் கரைந்திருக்கும். வெள்ளைச் சட்டையில் கறை பிடிப்பது அதனால்தான்.

பெரிய மாற்றம் அணைக்கு மேலேயும் கீழேயும் நடந்திருக்கிறது. அந்தக் கலிங்கை அந்தக் கால மழைக்கணக்கில் கட்டினார்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கை மறுபடி போடாமல் இருக்க முடியாது. கீழேயோ, கட்டியபோது இருந்தது ரப்பர் மரங்கள். இன்று தாமான் (வீடமைப்புப் பகுதி), மலிவுவிலை வீடுகள், தமிழ்ப்பள்ளி. அணை உடையும் வாய்ப்பு அப்படியே இருந்தாலும், உடைந்தால் போகும் உயிர்களின் கணக்கு மாறிவிட்டது. மரத்துக்கு மேலே இருந்த அணை இப்போது மனிதர்களுக்கு மேலே இருக்கிறது. “எண்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே” என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

சிலாங்கூரில் இது நடந்திருக்கிறது. 1883இல் கோலகுபுவுக்கு மேலே இருந்த அணை உடைந்து ஊரை அடித்துப்போனது. மாவட்ட அதிகாரியும் செத்தார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதுதான் காரணம் என்று ஒரு கதை இன்றும் உண்டு. பிறகும் வெள்ளமும் வண்டலும் விடாமல், ஊரே எழுந்து இன்றைய கோலகுபு பாருவுக்குப் போனது.

அப்படியானால் அணையையே எடுத்துவிடலாமா? என் பதில், வேண்டாம். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றியபோது மலாக்கா பட்ட பாடு தெரிந்தவர்கள் சின்ன ஏரியையும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, குழாயை மட்டும் வேறு இடத்திலிருந்து இழுத்துவிட்டு இதை அப்படியே கைவிடுவதுதான் மோசமான முடிவு. தண்ணீர் எடுக்கிற அணையில் மதகைத் திருப்ப, புல்லை வெட்ட ஓர் ஆள் வருவார். கைவிட்ட அணைக்கு யாரும் வருவதில்லை, தண்ணீர் மட்டும் நிற்கும்.

முதலில் அணை யாருடையது என்று கேளுங்கள்: தோட்டக் கம்பெனியா, மாநிலத் தண்ணீர் நிறுவனமா, ஜேபிஎஸ் என்கிற வடிகால், நீர்ப்பாசன இலாகாவா. தோட்டம் கைமாறிய ஊர்களில் இந்தக் கேள்விக்கே பதில் கிடைக்காமல் போவதுண்டு. அப்படியானால் உங்கள் முதல் புகார் அதுதான். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, ‘பெலான் திண்டாக்கான் கெச்செமாசான்’ (அவசரகால நடவடிக்கைத் திட்டம்) இருக்கிறதா, உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடத்தில் உங்கள் தெரு இருக்கிறதா என்று கேளுங்கள். அணைப் பாதுகாப்புக்கு 2017இலேயே நாட்டுக்கு வழிகாட்டி நூல் வந்துவிட்டது, ஆகவே இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பாட்டிலில் மண் படிந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அணை பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கரையில் புது வெடிப்போ பள்ளமோ, கலங்கலாகப் பீறிடும் தண்ணீரோ கண்டால் 999.

வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஓடையிலிருந்து உங்கள் வாசல் எவ்வளவு உயரம், மேட்டுக்கு நடந்து போக எது குறுக்கு வழி என்று ஒரு மாலை எல்லோருமாக நடந்து பாருங்கள். ஓடையை ஒட்டிய சாலையில் காரை எடுக்கக் கூடாது. 2013இல் கேமரன் மலை பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனபோது அணை உடையவில்லை. கனமழையில் நடுராத்திரி திறந்துவிட்ட தண்ணீர்தான் வந்தது. ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் வாட்ஸ்அப் செய்தி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

கடைசியாக உங்கள் வாழை. கரையின் மேலும் அதன் அடிவாரத்திலும் இருந்தால் எடுத்துவிடுங்கள், மரவள்ளியையும். கிழங்கு தோண்டிய குழிகளில் களிமண் போட்டு நன்றாக இடித்து மூடுங்கள். பக்கத்தில் எலி மாதிரிப் பிராணிகள் தோண்டிய வளை ஏதும் இருந்தால் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். ஆனால் கரையில் பெரிய மரம் நின்றால் நீங்களாக வெட்ட வேண்டாம். மரம் போனபின் வேர் உள்ளே மக்கி, அது இருந்த இடமெல்லாம் குழாய் குழாயாகப் பொந்து விழும். அதை வேரோடு தோண்டி, அடுக்கடுக்காக மண் இட்டு இறுக்கத் தெரிந்த ஆள்தான் தொட வேண்டும்.