தாள் ஃபிலிம் நெகட்டிவ்களைத் தூசி ஒட்டாமல் வீட்டில் உலர்த்துவது எப்படி?

வீட்டில் கழுவிய 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) உலரும்போது தூசி ஒட்டாமலிருக்க வழி கேட்டிருக்கிறீர்கள். நீரில் ஊறிப் பருத்த ஜெலட்டின் படலம் பிசுபிசுப்பாக இருப்பதால், அப்போது விழும் தூசி உலர்ந்தபின் அதிலேயே பதிந்துவிடுகிறது; ஆகவே காற்று அசையாத இடமே முதல் தேவை. அதற்கு ஏற்றது குளியலறைதான்: வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, ஆவியோடு மிதக்கும் தூசி கீழே படிந்தபின், ஃபிலிமை ஒரு மூலையில் மட்டும் கிளிப்பால் பிடித்து, நீர் எதிர்மூலை வழியாக வடியுமாறு தொங்கவிட்டு, கதவைச் சாத்திச் சில மணி நேரம் உள்ளே போகாமலிருங்கள். கடைசி அலசலுக்கான காய்ச்சி வடித்த நீரில் கோடக் ஃபோட்டோ-ஃப்ளோவை (நீர் துளியாகத் தங்காமல் வழிந்தோடச் செய்யும் திரவம்) 200 பங்குக்கு 1 பங்கு கலந்தால் நீர்த்திட்டுகளும் பெரும்பாலும் விழா. மின்விசிறியும் ஹேர் டிரையரும் வேண்டாம். துணியால் துடைப்பது, என் பார்வையில், தூசியைவிடப் பெரிய கேடு. ஈரப்படலம் எளிதில் கீறிவிடும்.