கட்டற்ற மென்பொருள் குழு, மூடிய மென்பொருளுக்கும் உதவி செய்ய வேண்டுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊரில் கட்டற்ற மென்பொருள் குழு நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் விண்டோஸ், பேஜ்மேக்கர், டேலி என்று மூடிய மென்பொருளுக்குத்தான் உதவி கேட்கிறார்கள். செய்து கொடுக்கலாமா, முடியாது என்று சொல்லிவிட வேண்டுமா?"

மூடிய மென்பொருள் என்றால், உள்ளே பார்க்கவோ மாற்றவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ உரிமையாளர் விடாதது. கட்டற்றது அதற்கு நேர் எதிர். பேஜ்மேக்கர் பக்கம் வடிவமைக்க, டேலி கடைக்கணக்குக்கு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி வகுப்பு எடுக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் எங்கள் குழுவோடு உட்கார்ந்துவிடுவேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கேட்டிருப்பதை வைத்து எங்களுக்குள் சண்டையே நடந்திருக்கிறது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வராமலும் இருந்தார்கள். அந்தச் சண்டை எதில் கிளம்பியதோ அதிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை, திருப்பாதிரிப்புலியூரில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கருமாதி என்று பத்திரிகை அடிப்பதுதான் தொழில். சிபியூவை அரிசிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் தாண்டி வந்திருக்கிறார். சாக்கை அவிழ்ப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் 25 ஊசி, மறுபக்கம் 25 ஓட்டை. பழைய கணினியில் பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் மாட்டுவது. அச்சகத்தில் இதை 'லாக்' என்பார்கள். இது மாட்டியிருந்தால்தான் அவர் வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருள் திறக்கும்.

"பழைய மிஷின்ல போர்டு போயிடுச்சும்மா. புதுசுல இதைச் செருக இடமே இல்ல. லாக் இல்லாம ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க. அப்படியே பேஜ்மேக்கரும் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். ஓசியில் கேட்கவில்லை என்று காட்டுவதற்கு அந்தக் காலத்து பில்லையும் கொண்டுவந்திருந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, டேப் ஒட்டிய பில்.

குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, இதைச் செஞ்சா நாமளும் ஒரு சர்வீஸ் சென்டர்தான். கிராக் போட்டுக் குடுக்கவா ஞாயித்துக்கிழமை வர்றோம்?" கிராக் என்றால் மென்பொருளின் பூட்டை உடைத்து ஓட வைப்பது. இன்னொருவர், எங்களில் மூத்தவர், சத்தமாகவே சொன்னார்: "முகூர்த்த மாசம் தலைக்கு மேல நிக்குது. மனுஷன் பொழப்பு போகுது. கொள்கையை அப்புறம் பேசலாம்."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவர் கேட்டதைச் செய்வதா வேண்டாமா என்றுதான் இருவரும் பேசினார்களே தவிர, அவருக்கு என்ன தேவை என்று யாரும் விசாரிக்கவில்லை. உட்கார வைத்து டீ கொடுத்துக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த குடும்பம் தங்கை கல்யாணத்துக்கும் அவரிடமே வரும். குலதெய்வம், தாத்தா பாட்டி பெயர், தாய்மாமன்மார் வரிசை எல்லாம் பழைய ஃபைலில் இருக்கிறது. அதில் ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது அந்தப் பெயர்கள். அப்புறம், வரப்போகிற முகூர்த்தத்துக்குத் தமிழில் அழகாகப் பக்கம் கட்ட ஒரு வழி. பேஜ்மேக்கர் என்று அவர் சொன்னது, தெரிந்த வழி அது ஒன்றுதான் என்பதால்.

மூடிய மென்பொருளின் கெடுதல் இதைவிடக் கண்ணுக்கு நேராகத் தெரிந்து நான் பார்த்ததில்லை. பெயர்கள் ஊர்க்காரர்களுடையவை. தட்டச்சு செய்தவர் அவர். காசும் கொடுத்திருக்கிறார். ஆனாலும் திறக்கும் சாவி வேறொருவர் கையில். கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அது கட்டற்றது இல்லை, சும்மா கிடைத்தாலும் சரி.

இதனால்தான் கிராக் போட்டுக் கொடுப்பதை நான் உதவி என்று எண்ணுவதில்லை. சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊர்களில் மூடிய மென்பொருளுக்கு உதவி என்றாலே பாதிக்கு மேல் திருட்டுப் பிரதிதான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. திருட்டுப் பிரதி போட்டவரும் அந்த லாக்குக்குள்ளேதான் இருக்கிறார். அடுத்த கணினி மாற்றும்போது மறுபடியும் சாக்கைக் கட்டிக்கொண்டு யாரையாவது தேடி அலைவார். அதற்குள் அவரிடம் இன்னும் நூறு குடும்பத்தின் பெயர் அந்த ஃபைல்களில் சேர்ந்திருக்கும்.

சப்போர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் கலந்து கிடப்பதால்தான் இந்த விவாதம் முடியாமல் ஓடுகிறது என்று நினைக்கிறேன். தமிழில் உதவி வேறு, ஆதரவு வேறு. மாட்டிக்கொண்ட ஆளுக்கு உதவலாம், உதவியே ஆக வேண்டும். மாட்டிவைத்த பொருளுக்கு ஆதரவு கொடுக்கக் கூடாது. நாம் வேலையை முடித்த பிறகு அவருடைய பொருள் முன்பைவிட அவர் கைக்குள் வந்திருக்கிறதா, இன்னும் விலகிப் போயிருக்கிறதா? எங்கள் குழுவில் இப்போது இதை மட்டும்தான் கேட்டுக்கொள்கிறோம்.

மூடியதைத் தொடவே கூடாது என்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துவேன். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை 1983-ல் அறிவித்தபோது, அதை எழுத யூனிக்ஸ் கணினிகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் மூடியது. அதற்கு மாற்று எழுதுவதற்காக மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று அவரே முடிவு செய்தார். வெளியே போகும் வாசல் வரைக்கும் அந்த வீட்டுக்குள்ளேதான் நடக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் உதவலாம், என்ன வந்துவிடப் போகிறது என்பவர்களுக்கு லினக்ஸ் கர்னல் கதை. கர்னல் என்பது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மையப் பகுதி. 2002 முதல் அதன் நிரலை நிர்வகிக்க பிட்கீப்பர் என்ற மூடிய மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். சும்மா கிடைத்தது, வேலையும் நன்றாக நடந்தது. 2005-ல் அந்த இலவச அனுமதியை நிறுவனம் எடுத்துக்கொண்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த திட்டம் ஒரே மாதத்தில் வேறு கருவி தேட வேண்டியதாயிற்று. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட் என்ற கட்டற்ற கருவியை எழுதினார், இன்று நாம் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். அவரால் எழுத முடிந்தது. திருப்பாதிரிப்புலியூர் அச்சகக்காரரால் முடியுமா?

டெபியன் என்பது தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் வெளியீடு. டெபியன்காரர்கள் இதை எங்களைவிட நீண்ட நாளாக யோசித்தவர்கள். 1997-ல் எழுதிய அவர்களுடைய சமூக ஒப்பந்தத்திலேயே, கட்டற்றது அல்லாத மென்பொருள் டெபியனின் அங்கம் இல்லை, ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவுவோம் என்று இருக்கிறது. அதற்கென்று தனிக் கிடங்கும் உண்டு. இந்தக் காரணத்தாலேயே ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் பரிந்துரைப் பட்டியலில் டெபியனைச் சேர்ப்பதில்லை. 2022-ல் ஓட்டெடுப்பு வைத்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மூடிய சிறு நிரல்களை, அதாவது ஃபர்ம்வேரை, நிறுவும் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். நான் இதை வரவேற்கிறேன். முன்பெல்லாம் ஒரு பையன் ஆசை ஆசையாக மடிக்கணினியைக் கொண்டுவருவான், எல்லாம் போட்டு முடித்த பிறகு வைஃபை வராது. செல்போனை வயரில் மாட்டி நெட் எடுத்து, ஃபர்ம்வேரைத் தேடி இறக்குவதற்குள் சாயந்திரம் ஆகிவிடும். அடுத்த வாரம் அவன் வரமாட்டான். ஆனால் ஒன்று, இது மூடியது என்பதை அவனிடம் சொல்லித்தான் போட வேண்டும். சொல்லாமல் போட்டால் அவனுக்குத் தெரியாமல் அவன் சார்பில் நாம் முடிவெடுத்த மாதிரி.

என்விடிஏ பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற தம்பி ஒருவர் எங்களிடம் வந்தார். 'விண்டோஸுக்கு நாங்கள் உதவ மாட்டோம்' என்று அவரிடம் சொல்லியிருந்தால், நாங்கள் எந்தச் சுதந்திரத்துக்காக உட்கார்ந்திருக்கிறோம்? போட்டுக் கொடுத்தோம், தமிழ்க் குரலின் வேகத்தை அவர் காதுக்கு ஏற்றபடி வைக்கவும் சொல்லிக் கொடுத்தோம். லினக்ஸில் இதே வேலைக்கு ஓர்கா இருக்கிறது என்றும் சொன்னோம். இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு விண்டோஸே போதும் என்றார். அது அவர் உரிமை.

டேலி விஷயத்தில் மட்டும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. சின்னக் கடைக்காரர் ஒருவர் கணக்குக்கு மாற்று கேட்டார். குனுகேஷ் என்ற கட்டற்ற கணக்கு மென்பொருளைக் காட்டினோம். அவருடைய கணக்குப்பிள்ளை ஜிஎஸ்டிக்குக் கேட்கிற விதத்தில் அது தரவில்லை. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் கட்டற்றது, ஜிஎஸ்டியும் தெரியும், ஆனால் மளிகைக் கடைக்கு அதை ஓட்டிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். அவர் டேலிக்கே திரும்பிப் போனார். நாங்கள் நிறுவிக் கொடுக்கவில்லை, விற்பவர்களிடமே போகச் சொன்னோம். கணக்கை மாதாமாதம் எக்செல் கோப்பாக வெளியே எடுத்து வைக்க மட்டும் கற்றுக்கொடுத்தோம். அவ்வளவுதான் முடிந்தது. அன்றைக்கு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அச்சகக்காரர் கதைக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எங்கள் கணினியில் மாட்டி, எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுத்தோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த ஏழு. அதற்குப் பிறகு அது வளரவே இல்லை. லிப்ரெஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கு 4.4 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புகளை ஓரளவு திறக்கத் தெரியும். பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது, எழுத்து வந்தது. எழுத்து என்றால் தமிழாக இல்லை. உள் விவரமெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கிலமாக நிற்கும். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் வசதி இருக்கிறது. அந்த மாணவிதான் உட்கார்ந்து ஓட்டினாள். முதல் பத்திரிகை யூனிகோடில் திரையில் வந்ததும் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாய்மாமன் வரிசையை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். "எல்லாரும் இருக்காங்கம்மா" என்றார்.

பக்கம் கட்ட ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளைக் கொடுத்தோம். 2017 வரைக்கும் இதைக் கொடுத்திருக்க முடியாது, தமிழ் எழுத்துகள் அதில் சேராமல் உடையும். 1.5.3 பதிப்பில்தான் சரியாயிற்று. விசைப்பலகைக்குப் பழைய தட்டச்சு முறையை வைத்துக் கொடுத்ததால், 'யளனகப' என்று பழகிய விரல்களுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த முகூர்த்தத்துக்கு இரண்டு பத்திரிகைகளை அதில் அடித்தார், மீதியை நண்பர் ஒருவர் அச்சகத்தில் முடித்தார். பழகுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

தலைப்பில்தான் இன்னும் இழுபறி. லாக் போட்ட மென்பொருளின் அலங்கார எழுத்துருக்களை நாங்கள் தொடவில்லை, அவை வேறொருவர் உழைப்பு. கட்டற்ற எழுத்துருக்களில் அரிமா மதுரை, கவிவனார், பாலூ தம்பி என்று வரிசையாகக் காட்டினோம். "நல்லாத்தான் இருக்கு, கல்யாணக் களை இல்லையேம்மா" என்றுவிட்டார். கடலூர் முதுநகரில் போர்டு எழுதும் ஓவியர் ஒருவரிடம் கேட்டோம். கொடி சுற்றிய மாதிரி ஒரு எழுத்து வரிசையை கையாலேயே எழுதிக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று கையெழுத்தும் போட்டுத் தந்தார். அதை ஸ்கேன் செய்து, எழுத்துரு செய்யும் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறாள், அன்றைக்கு வேண்டாம் என்ற அதே பெண். சுபமுகூர்த்தம் என்பதற்காக 'சு'வில் ஆரம்பித்தாள். மற்ற வரிசைகளுக்குக் காலும் கொம்பும் ஒரு தரம் வரைந்தால் பெரும்பாலும் போதும். உகர, ஊகார வரிசைகளில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் ஒவ்வொன்றையும் தனியாகப் போட வேண்டும். போன ஞாயிறு 'மூ'வில் இருந்தாள்.