போக்கரில் 4-பெட் ஆன கையில் ஃப்ளாப்புக்கு எவ்வளவு வைப்பது?

நோ-லிமிட் ஹோல்டம் போக்கரில் மாறி மாறி ஏற்றி 4-பெட் (பிளைண்டை முதல் பெட்டாக எண்ணினால் நான்காவது, அதாவது மூன்றாவது ஏற்றம்) வரை போய்விட்டது, ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வந்ததும் பாதி பாட் (நடுவில் சேர்ந்த பணம்) வைப்பதா, முழு பாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும் வேண்டாம். கால் பங்கு போதும்.

பாட் பெரிதாக இருப்பதைப் பார்த்ததும் பெட்டும் பெரிதாக வைக்கத்தான் தோன்றும். ஆனால் முதலில் எண்ண வேண்டியது மீதமுள்ள ஸ்டாக்கை, அதாவது கையிலிருக்கும் சிப்களை. ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (ஒருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் தொகை; கீழே உள்ள தொகைகளெல்லாம் இந்த அலகில்தான்) என்று வைத்துக்கொள்வோம். பட்டன் (டீலர் இடத்தில் இருப்பவர்) 2.5 என்று திறக்கிறார், பிக் பிளைண்டில் இருப்பவர் 11 ஆக்குகிறார், பட்டன் 24, பிக் பிளைண்ட் அதற்குக் கால், அதாவது அவரும் அவ்வளவே போடுகிறார். ஸ்மால் பிளைண்ட் (பிக் பிளைண்டில் பாதியைக் கட்டாயமாக வைப்பவர்) விட்டுப்போன அரையும் சேர்ந்து பாட் 48.5. ஆளுக்கு மீதி 76, அதாவது பாட்டைப் போல ஒன்றரை மடங்கு சொச்சம். ஒரே ரெய்ஸோடு நின்ற கையில் இது 17 மடங்கைத் தாண்டியிருக்கும்.

அந்த 76 முழுவதும் ரிவருக்குள் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) உள்ளே போக ஒவ்வொரு சுற்றிலும் பாட்டில் 30 சதவீதம் வைத்தாலே ஆகிவிடும்: 15, அப்புறம் 23, கடைசியில் 38. ஃப்ளாப்பிலேயே 48 வைத்தால் டர்னுக்கு (நான்காவது சீட்டு) யோசிக்க எதுவும் மிஞ்சாது. நம்மைவிடச் சிறிய கைகள் ஓடிவிடும், பெரிய கைகள் மட்டும் நிற்கும்.

ஃப்ளாப் கிங்-7-2 என்றால் 4-பெட் செய்தவருக்குத்தான் சாதகம். ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் எல்லாம் அவர் பக்கம்தான் அதிகம். அங்கே எந்தக் கையோடும் 12 வைக்கலாம். அதற்குக் கால் செய்ய எதிராளிக்கு வெல்ல 17 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும் என்பதால், ஜாக்-ஜாக் மனசில்லாமல் கூடவே வரும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

9-8-7, அதிலும் இரண்டு ஒரே சூட் (ஸ்பேட், ஹார்ட் போன்ற வகை) என்றால் கதை வேறு. கால் செய்தவரிடம் 10-10, ஜாக்-ஜாக், ஒரே சூட் ஜாக்-10 இருக்கலாம். ஏஸ்-கிங்கோடு நான் அங்கே பெரும்பாலும் செக் செய்வேன், அதாவது எதுவும் வைக்க மாட்டேன். ஏஸ்-ஏஸோடு வைப்பதானால் பாதி பாட்டுக்கு மேலேதான்.

(பிளஃப்பாக, அதாவது பலவீனமான கையோடு பயமுறுத்த, 4-பெட் செய்ய ஒரே சூட் ஏஸ்-5 பலருக்கும் பிடிக்கக் காரணம் உண்டு. ஓர் ஏஸ் நம் கையில் இருந்தால் எதிராளிக்கு ஏஸ்-ஏஸ் அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகவும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகவும் குறைகின்றன.)

சரி, 12 வைத்தோம், எதிராளி ஆல்-இன் (மீதி எல்லாவற்றையும் வைக்கிறேன்) என்கிறார். இன்னும் 64 போட்டு 136.5-க்கு ஆட வேண்டும். 32 சதவீதம் தேவை. தாழ்ந்த ஃப்ளாப்பில் குயின்-குயினை இந்த விலைக்கு விட மாட்டேன். ஜோடி சேராத ஏஸ்-கிங்குக்கு, எதிரே ஒரு சின்ன ஜோடி இருந்தால் 25 சதவீதம்தான் வரும், அதை விட்டுவிடலாம். இதெல்லாம் 100 பிளைண்ட் ஸ்டாக்குக்கு. 200 பிளைண்ட் இருந்தால் மீதி 176, பாட்டைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். அங்கே அதே குயின்-குயினை வைத்துக்கொண்டு ஆல்-இன்னுக்குக் கால் சொல்ல நானும் நிறையவே யோசிப்பேன்.