இருமியும் வெளிவராத சளியை வெளியேற்றுவது எப்படி?

கேள்வி: 62 வயதான என் தாயாருக்கு பிராங்கியெக்டாசிஸ் எனப்படும் மூச்சுக்குழாய் விரிவு நோய் இருக்கிறது. காலையில் அரைமணி நேரம் விடாமல் இருமியும் சிறிதளவு சளிதான் வருகிறது. அதற்குள் களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறார். முதுகில் தட்டிவிட்டால் போதுமா, வேறு பயிற்சி உண்டா?

பதில்: உங்கள் தாயாரின் களைப்புக்கு அந்தத் தொடர் இருமலே பெரும் காரணமாக இருக்கலாம். பலமாக இருமும்போது மார்புக்குள் உயரும் அழுத்தம், நோயால் சுவர் தளர்ந்துபோன மூச்சுக்குழாய்களை நெரித்து மூடிவிடுவதால், சளி அடைப்புக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. ஆகவே முதலில் சளிக்குப் பின்புறம் காற்றைக் கொண்டுசேர்க்க வேண்டும்; பிறகு அந்தக் காற்றைக் கொண்டே அதை மேலே தள்ள வேண்டும். இருமல் கடைசியில்தான் வர வேண்டும்.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது, கருவி எதுவும் தேவைப்படாத சுழற்சி மூச்சுப் பயிற்சி. நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, சில நிமிடம் இயல்பாக மூச்சுவிட வேண்டும். பிறகு மூக்கின் வழியே மெதுவாக ஆழ்ந்து மூச்சிழுத்து, சுமார் 3 விநாடி நிறுத்தி, அழுத்தாமல் வெளியே விட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தபின் மீண்டும் இயல்பான மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அந்த 3 விநாடி நிறுத்தத்தைத் தவிர்க்கக் கூடாது. அடைபட்ட குழாய்களுக்கு அப்பாலுள்ள காற்றறைகளுக்குப் பக்கவழிகளின் மூலம் காற்று போய்ச்சேர அந்த இடைவெளி உதவுகிறது.

அடுத்தது 'ஹஃப்' எனப்படும் ஊதல். கண்ணாடியில் ஆவி படியச் செய்வதற்கு ஊதுவதுபோல, வாயையும் தொண்டையையும் திறந்து வைத்து, வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சை வெளியேற்ற வேண்டும். நடுத்தர அளவு மூச்சிழுத்து நீளமாக ஊதினால் ஆழத்திலுள்ள சளி நகரும். நிறைய மூச்சிழுத்துச் சுருக்கமாக ஊதினால் மேலே வந்துவிட்ட சளி வெளியேறும். ஊதும்போது காதை நன்றாகக் கொடுத்துக் கேளுங்கள்: கரகரப்பு ஊதலின் முடிவில் கேட்டால் சளி இன்னும் ஆழத்தில் இருக்கிறது, தொடக்கத்திலேயே கேட்டால் அருகில் வந்துவிட்டது. விசில் போன்ற ஒலி எழுந்தால் வேகம் அதிகம் என்று கொள்ளலாம். ஓரிரு ஊதலுக்குப் பிறகு ஓய்வு மூச்சு அவசியம். சளி தொண்டையருகே வந்தபின் ஒருமுறை இருமினால் போதும். இயல்பு மூச்சு, ஆழ்ந்த மூச்சு, ஊதல் என்ற இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு சுற்றுகளில் ஊதல் கரகரப்பின்றி வறட்சியாக ஒலித்தாலோ, களைப்புத் தோன்றினாலோ நிறுத்திவிடலாம். பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் இது முடிந்துவிடும்.

முதுகில் தட்டுவதை மட்டும் நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது துணையாக உதவலாம். ஆனால் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், சளியில் இரத்தம் வருபவர்களுக்கும் தட்டக் கூடாது. தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்கும் பழைய முறை, மூச்சுத்திணறலையும் உணவு எதுக்களிப்பையும் அதிகமாக்கக்கூடும். ஒருக்களித்துச் சமமாகப் படுத்தாலே பலருக்குப் போதும்.

மருந்துகளின் வரிசையிலும் கவனம் தேவை. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரைப் பயிற்சிக்கு முன்பும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சளி வெளியேறிய பின்பும் எடுப்பதே வழக்கம். செறிவான உப்புநீரை நெபுலைசரில் தருவது சளியை இளக்கும் என்றாலும், சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கிவிடும் என்பதால் முதல் தடவை மருத்துவக் கண்காணிப்பில்தான் தர வேண்டும். பயிற்சியை உணவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஒன்றை உங்கள் தாயாரிடம் தனியே பரிவுடன் கேட்டுப் பாருங்கள். இருமும்போது சிறுநீர் கசிவதால் சளியை அடக்கிக்கொள்ளும் பெண்கள் பலர். கூச்சத்தால் மருத்துவரிடமும் சொல்வதில்லை. ஊதுவதற்கு முன் இடுப்புத்தளத் தசைகளை, அதாவது சிறுநீரை அடக்க உதவும் தசைகளை, இறுக்கிக்கொள்ளப் பழகினால் இது பெரிதும் குறையும்.

நுரையீரல் நோய்களில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துத் திருத்திய பின் வீட்டில் தொடருங்கள். மூச்சுப் பயிற்சி மட்டும் போதவில்லை என்றால், ஊதும்போது அதிர்வு தரும் சிறு கருவியை அவர் பரிந்துரைக்கலாம். அதைப் பயன்படுத்தியபின் கழுவி, முற்றிலும் உலரவைக்க வேண்டும். சளியின் அளவோ நிறமோ மாறினாலும், காய்ச்சலோ கூடுதல் மூச்சுத்திணறலோ வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக இரத்தம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அவரை அணுகுங்கள். அளவு மிகுதியாக இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.